மஞ்சள் கடுதாசியும் குடியிருந்த வீடும்

கடனைத் தீர்க்க இயலாதவர், தம்மை நொடித்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவை மக்கள் "மஞ்சள் கடுதாசி" என்பர். "ஐ.பி. போட்டுவிட்டான்" என்றும் சொல்வதுண்டு. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம். மனு கொடுத்தவரைப் பற்றி ஊர் நிறையப் பேசும். அவருடைய வீடும் நிலமும் யாரிடம் போயின என்பதை விளங்கிக்கொண்டவர் குறைவு.

சென்னை நகரில் அர்பத்நாட் வங்கி 1906இல் முறிந்தது. அதன்பின் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909இல் தனிச் சட்டம் வந்தது. தஞ்சாவூர் போன்ற வெளி மாவட்டங்களுக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் வந்தன. கடன் 500 ரூபாயை எட்டினாலே மனுச் செய்யலாம்.

நொடித்தவர் என நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து அவர் கையைவிட்டு அஃபீஷியல் ரிசீவர் என்னும் அலுவலரிடம் சேரும். அவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தி செய்யக்கூடாது என்று விலக்கிய பொருள்கள் இதில் சேரா. உடுதுணி, சமையல் பாத்திரம், உழவு மாடு, விதைநெல், இவற்றோடு விவசாயி குடியிருக்கும் வீடும் அந்த விலக்கில் உண்டு. ஆக, காவிரிப் படுகையில் ஒரு விவசாயி நொடித்தால் வயல் ஏலத்திற்குப் போகும், வீடு நிற்கும். தஞ்சை நகரத்துக் கடைக்காரருக்கோ கடையும் போகும், வீடும் போகும்.

யார் விவசாயி என்பதில்தான் சிக்கல். தாமே சாகுபடி செய்து, முக்கியமாக அந்த வருமானத்தில் வாழ்பவரே விவசாயி என 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. கூலியாள் வைத்துப் பயிரிட்டாலும் சொந்தச் சாகுபடிதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் குடியிருக்கும் மிராசுதாருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இது நியாயமான வரையறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டை அடமானம் வைத்திருந்தால் கதை வேறு. நொடிப்பு மனு அடமானக்காரரின் உரிமையைத் தடுக்காது. அந்த வீட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ள அவருக்கு வழியுண்டு. மனுவுக்கு முன்னால் மனைவி பேருக்கு எழுதிவைப்பது நம் பக்கத்துப் பழைய தந்திரம். அதைச் சட்டம் எதிர்பார்த்தே இருந்தது. மாற்றி எழுதி இரண்டு ஆண்டுகளுக்குள் நொடிப்பு மனு வந்து, அதன் பேரில் அவர் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை ரிசீவர் ரத்துச் செய்விக்கலாம். நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் பயமில்லை.

பிள்ளைகள் நிலைதான் பரிதாபம். இந்துக் கூட்டுக் குடும்பத்தில் தகப்பனார் நொடித்தால், அவருடைய கடன் ஒழுக்கக்கேடான காரியத்துக்கு வாங்கியதாக இல்லாதவரை, மகன்களின் பங்கையும் விற்கும் அதிகாரம் ரிசீவருக்குப் போனது. 1948ஆம் ஆண்டுத் திருத்தம் இதை உறுதி செய்தது. நொடித்தவரின் சகோதரர்களுடைய பங்குக்கு இந்த ஆபத்தில்லை.

1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து மிராசுதார்களும் கடனில் மூழ்கினர். ராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டியைத் தள்ளியது. பலர் மஞ்சள் கடுதாசிவரை போகாமல் இருக்க அது வழி செய்தது.

2016இல் புதிய திவால் சட்டம் வந்தது. அதன் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏனையோருக்குப் பழைய 1909, 1920ஆம் ஆண்டுச் சட்டங்களே தொடர்ந்தன.