கொக்கிரகுளத்திலிருந்து கோட்டைக்கு

எம்.எல்.ஏ. என்றால் என்ன வேலை பார்க்கிறவர் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள்? இதற்குப் பதில் அரசியல் கட்டுரை எழுதுகிறவர்களைவிட, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். வருகிறவர்களில் பலர் ஒரே மனுவை இரண்டு பிரதியாகக் கேட்பார்கள். ஒன்று கலெக்டருக்கு, இன்னொன்று எம்.எல்.ஏ.வுக்கு. "அண்ணாச்சி, எம்.எல்.ஏ. புதன்கிழமை எங்க ஊருக்குக் கல்யாணத்துக்கு வாராரு. கையில குடுத்துட்டா நேரே கோட்டைக்குப் போயிரும்லா?" என்பார்கள்.

இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். சட்டசபை என்ற ஒன்று வருவதற்கு முன்பே, நம் ஜனங்கள் ஒரு சட்டமன்றத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டமன்றம் லண்டனில் இருந்தது.

1852-ல் காஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம், பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் அனுப்பியது. கம்பெனி அதிகாரிகள் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது அதிலிருந்த முக்கியமான புகார். லண்டனில் பலர் நம்பவில்லை. டான்பி சீமூர் என்ற எம்.பி. மட்டும் 1853-ல் கப்பலேறி வந்தார். செட்டியாரைக் கூட அழைத்துக்கொண்டு மாவட்டங்களைச் சுற்றினார், குடியானவர்களிடம் நேரில் கேட்டார், திரும்பிப் போய் 1854-ல் காமன்ஸ் சபையில் பேசினார். அதன் பிறகே விசாரணைக் கமிஷன் அமைந்தது. கமிஷனுக்கு 1,959 புகார்கள் வந்தன. 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள், மற்றவர்கள் எழுதி அனுப்பினார்கள். விரல்களைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிக்கிற கிட்டி, தலையைக் குனியவைத்துக் காலோடு சேர்த்துக் கட்டுகிற அண்ணாந்தாள் எல்லாம் அந்த அறிக்கையில் ஏறின. 1855-ல் அறிக்கை வெளியானதும், நடக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நாம் ஓட்டே போடாத ஒரு எம்.பி. செய்த வேலை இது. அவர் செய்ததில் இரண்டு பங்கு இருக்கிறது. ஊருக்கு வந்து கேட்டது ஒன்று, சபையில் எழுந்து பேசிப் பதிவில் ஏற்றியது மற்றொன்று. நூற்று எழுபது வருஷமாக ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலை இந்த இரண்டும்தான். முதல் பங்கு நம் கண்ணில் படும், இரண்டாவது படாது. அதனால் முதலாவதை மட்டும் வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகிவிட்டோம்.

நமக்கென்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை 1920 தேர்தலுக்குப் பிறகு வந்தது. 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் வந்து சென்னை மாகாணச் சட்டசபையைத் தொடங்கிவைத்தார். மொத்தம் 127 பேர், அதில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. மனு எழுதக் காசில்லாதவனுக்கு ஓட்டும் இல்லை. அப்படிப்பட்ட சபையிலும் பெரிய காரியங்கள் நடந்தன. நியமன உறுப்பினராக இருந்த இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடை இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதமே, செப்டம்பர் 25-ல், அரசாணை எண் 2660 வெளியானது. ஊரில் அது முழுசாக நடைமுறைக்கு வர எத்தனையோ காலம் ஆனது, சில தெருக்களில் இன்னும் வந்தபாடில்லை. ஆனால் ஒரு கிணற்றடியில் தகராறு என்று மனு எழுத உட்காரும்போது, "பார்வையில் காணும் அரசாணைப்படி" என்று எழுத ஓர் எண் கிடைத்தது. மனுவில் எண் இருந்தால் அதற்குத் தனி பலம். எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்வார்.

என் மாமாதான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று ஜனங்களே பிடிவாதம் பிடிப்பார்களாம். தமிழில் எழுதினால், "மாப்பிள்ளே, துரைக்கு எழுதுற மாதிரி எழுதுங்க" என்று திருப்பிக் கொடுப்பார்களாம். 1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் வழக்கம் மாற வெகுகாலம் பிடித்தது. நான் தொழிலுக்கு வந்தபோது தமிழ் மனுதான் எழுதினோம். ஆனாலும் ஃபுல்ஸ்கேப் தாளில் இடது ஓரம் மடித்து, மேலே 'அனுப்புநர், பெறுநர்', கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, அடியில் கைநாட்டு என்கிற ஒழுங்கு மாறவில்லை.

1952-ல் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு வந்து நடந்த முதல் தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்துக்கு 375 பேர். ஆந்திரா பிரிந்து, மாநில எல்லைகளும் மாறியபின் 1957-ல் 205 பேர். 1967-லிருந்து 234. அந்த 234 இன்றும் அப்படியே இருக்கிறது. 1971-ல் தமிழ்நாட்டு ஜனத்தொகை 4 கோடியே 12 லட்சம், 2011-ல் 7 கோடியே 21 லட்சம். கணக்குப் போட்டால் அன்று ஓர் எம்.எல்.ஏ.வுக்கு ஒன்றேமுக்கால் லட்சம் பேர், இன்று மூன்று லட்சத்துக்கு மேல். அவர் வீட்டு மேஜையில் மனுக்கள் மலைபோலக் குவிவதற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எங்கள் பக்கம் மணிமுத்தாறு அணை என்றால் பெரியவர்கள் கே.டி. கோசல்ராம் பெயரைச் சொல்வார்கள். மலையிலிருந்து இறங்கித் தாமிரபரணியில் விழுந்து வீணாகும் தண்ணீரைத் தேக்கி, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு வறட்சிக்குத் திருப்ப வேண்டும் என்று ஓயாமல் குரல் கொடுத்தவர். சட்டமன்றத்தில் இருந்தவர், 1977-லிருந்து திருச்செந்தூர் எம்.பி.யாகவும் இருந்தார். அணை 1958-ல் முடிந்தது. 118 அடி உயரம். இன்றும் நெல்லைப் பதிப்பு தினசரியைப் புரட்டுகிற விவசாயி பாபநாசத்துக்கு அடுத்தபடி மணிமுத்தாறு மட்டத்தைத்தான் பார்ப்பார். அது பஸ் நிழற்குடையைப் போல ஒருவர் பெயரை எழுதிவைக்கிற காரியமில்லை. ஆனால் சபைக்குப் போகிறவர் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் எங்களிடம் கிடையாது.

நிழற்குடைக் காலம் பின்னால் வந்தது. எம்.பி.க்களுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.க்களுக்கு 1997-98-ல் வந்தது. அதோடு என் தொழிலும் மாறியது. அதற்கு முன்பு ஜனங்கள் "எங்கள் ஊருக்குப் பாலம் வேண்டும்" என்று எழுதச் சொல்வார்கள். பிறகு "எம்.எல்.ஏ. நிதியிலிருந்து கலையரங்கம் வேண்டும், ஆழ்துளைக் கிணறு வேண்டும், ரேஷன் கடைக்குக் கட்டடம் வேண்டும்" என்று நிதியின் பெயரையே சொல்லிக் கேட்டார்கள். நல்ல காரியங்கள் பல நடந்தன, மறுக்க முடியாது. ஆனால் நூறு கிராமங்களுக்குப் பங்கு வைக்க வேண்டிய பணம் அது. ஆற்றுப் பாலத்தைக் கேட்க வேண்டிய ஊர், நிழற்குடையோடு சமாதானமாகிப் போனதை நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இனி இரண்டாவது பங்கு. சட்டமன்றத்தில் கேள்வி கேட்பதற்கென்று ஒரு நடை இருக்கிறது. இன்ன ஊராட்சியில் ஆரம்ப சுகாதார நிலையம் இல்லை என்பதை அரசு அறியுமா? அறியுமெனில், அமைக்க அரசு ஆவன செய்யுமா? அவ்வளவுதான், இரண்டு வரி. ஆனால் அந்த இரண்டு வரிக்காகத் துறைச் செயலரிலிருந்து வட்டார மருத்துவர்வரை கோப்பு கீழே இறங்கி மேலே ஏற வேண்டும். அமைச்சர் எழுந்து ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டும். "பரிசீலனையில் இல்லை" என்றாலும் அது அச்சாகிறது. "ஆவன செய்யப்படும்" என்றால் அது உறுதிமொழி. கல்யாண வீட்டில் கையில் வாங்கிய மனுவுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. உதவியாளர் பையில் போடுவார், லெட்டர் பேடில் "தக்க நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று ஒரு கடிதம் போகும், அதோடு சரி.

சொன்ன உறுதிமொழி என்னவாயிற்று என்று பார்க்கச் சட்டமன்றத்திலேயே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மனுக்கள் குழு என்று இன்னொன்றும் உண்டு. பல கட்சி உறுப்பினர்களும் இருப்பார்கள், மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். வருவதற்கு முன் கலெக்டர் அலுவலகம் பேப்பரில் அறிவிக்கும். அதன் நிபந்தனைகள் எனக்கு மனப்பாடம். ஐந்து பிரதி வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்தது. வெகுகாலமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் பென்ஷன், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன், கோர்ட்டில் இருக்கும் வழக்கு இவற்றையெல்லாம் ஏற்க மாட்டார்கள். இந்த அறிவிப்பைப் படித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் சொற்பம். அந்தக் குழுவுக்கு, சென்னை 600 009 என்ற முகவரிக்கு, ஊர்ப் பொதுவில் ஒரு மனு எழுதுங்கள் என்று நானாகச் சொன்னால், "எம்.எல்.ஏ.கிட்டயே குடுத்தாச்சுல்லா அண்ணாச்சி" என்பார்கள்.

ஆகவே படிக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் எம்.எல்.ஏ. ஊருக்கு வரும்போது மனுக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தேதி போடுங்கள். அடுத்த கூட்டத்தொடர் முடிந்து அவர் திரும்பி வந்ததும், "நம்ம ஊர் விஷயத்தைச் சபையில் கேட்டீங்களா, வினா எண் என்ன, அமைச்சர் என்ன பதில் சொன்னார்?" என்று கேளுங்கள். எண்ணோடு பதில் சொல்கிற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அடுத்த முறையும் அவருக்கு உங்கள் ஓட்டைப் போடலாம்.