தோட்டத்து நிலா, ஊர்ப் பஞ்சாங்கம்

பூமிக்கு இயற்கையான துணைக்கோள் நிலா ஒன்றுதான். அதன் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவில் கால் பங்குக்குச் சற்று அதிகம். சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. வெயில் படும் அதன் பாதியில் எவ்வளவு நம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதுவே அன்றைய பிறை. பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டுமே.

நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். வளர்பிறை நிலா மாலையிலேயே வானில் இருக்கும், விடிவதற்குள் மறைந்துவிடும். பௌர்ணமி நிலா பொழுது சாயும்போது எழுந்து, பொழுது விடியும்போது மறையும். தேய்பிறை நிலா இரவு ஏறிய பிறகு வந்து, விடிந்த பின்னும் மேற்கிலோ உச்சியிலோ கிழக்கிலோ வெளிறி நிற்கும்.

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் இந்தப் பாடத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் வளர்பிறை மாலைகள் வாசலில் உட்கார்ந்து பேசவும், கோயில் திடலில் கூடவும் உதவின. தேய்பிறையோ பால்வெட்டுக்காரர்களின் நிலா. வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளே நீரழுத்தம் அதிகம் என்பதால் அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். அதனால் பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு இருட்டிலேயே நடக்கும். பேர் கொடுத்துவிட்டுத் தங்கள் மரவரிசையான நிரைக்குப் போகும் வழிக்குத் தேய்பிறை வெளிச்சம் துணை. மரங்களுக்குள் நுழைந்துவிட்டால் இலைக்கூரை அந்த வெளிச்சத்தை விடாது. வெட்டுக்கோட்டைப் பார்க்கத் தலைவிளக்குதான். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது மட்டும் நிலவு தரைவரை இறங்கி, மங்கு எனும் கோப்பையில் விழும் பாலின் வெண்மை விளக்கில்லாமலே தெரியும்.

நிலாவின் ஓட்டத்தை அளக்க இரண்டு கணக்குகள் உண்டு. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 27.3 நாள். அதனால்தான் வான்வட்டத்தை 27 நட்சத்திரங்களாகப் பிரித்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய ஒரு நட்சத்திரம். சூரியனை வைத்துப் பார்த்தால் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள், ஏனென்றால் அதற்குள் சூரியனும் சற்று நகர்ந்துவிடுகிறது. சூரியனைவிட்டு நிலா 12 பாகை விலகுவது ஒரு திதி. அப்படி 30 திதிகள்.

தைப்பூசம் இந்த இரு கணக்குகளும் சேரும் இடம். தையில் சூரியன் மகரத்தில். பௌர்ணமி என்றால் நிலா நேர் எதிரே கடகத்தில் இருக்க வேண்டும். பூசம் இருப்பது கடகத்தில். அதனால் அந்த மாதப் பூசம் முழுநிலவை ஒட்டியே வருகிறது. ஈப்போவில் புந்தோங் சுங்கை பாரி சாலை ஆலயத்திலிருந்து கல்லுமலைக்குக் காவடிகள் போகும் இரவில் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் நிலா ஏறக்குறைய முழு வட்டமாக நிற்பது தற்செயல் அல்ல. தெலுக் இந்தானில் நகரத்தார் கொண்டாடும் சித்ரா பௌர்ணமிக்கும் இதே விளக்கம்தான்: சூரியன் மேடத்தில், நிலா எதிரே சித்திரை நட்சத்திரத்தின் பக்கம்.

தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்தவர்கள் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்தார்கள். அதில் அச்சிட்ட மணியோ ஊர் மணி. இங்கே கடிகாரமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1905 முதல் மலாய் மாநிலங்களின் நேரம் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னே இருந்தது. 1933இல் 20 நிமிடம் கூடியது. 1941இல் ஏழரை மணி ஆனது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமான 9 மணி. 1945இல் மறுபடி ஏழரை. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரங்களை 12க்குத் தள்ளினார்கள். அதுமுதல் 8 மணி. இந்தியாவோடு 2 மணியாக இருந்த வித்தியாசம் அன்று இரண்டரை ஆயிற்று. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தது 1969 ஜூலை 21: சென்னையில் காலை 8.26, பேராக்கில் 10.26. தோட்டத்தில் அது பால் எடுக்கும் நேரம்.

ஊர் மணியோடு இரண்டரையைக் கூட்டினால் கணக்கு முடிந்தது என்று நினைப்பது தவறு. சூரிய உதயத்தின்போது எந்தத் திதி இருக்கிறதோ அதுவே பொதுவாக அந்த நாளின் திதி. ஒரு திதி இந்திய நேரம் காலை 5.30க்குப் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், சென்னையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் எழும்போது அது வந்துவிட்டது. அது பிறக்கும்போது ஈப்போவில் மணி 8. சூரியன் ஏழேகாலுக்கே எழுந்தாயிற்று. இங்கே அந்தத் திதிக்கு உரியது மறுநாள். விரத நாள் எது என்று இரு நாட்டு உறவினர்களுக்குள் வரும் வாக்குவாதத்தில் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மலேசிய நேரத்துக்கே கணித்த தமிழ் நாட்காட்டியைப் பார்ப்பதே இங்குள்ளவர்களுக்கு முறை.

2025 மே மாதம் முழுநிலவின் கணம் தமிழ்நாட்டில் 12ஆம் தேதி இரவு 10.26, பேராக்கில் 13ஆம் தேதி பிறந்து 56 நிமிடம். இரு இடத்திலும் 12ஆம் தேதி பகல் முழுவதும் பௌர்ணமித் திதி இருந்ததால் சித்ரா பௌர்ணமி நாளில் குழப்பம் வரவில்லை. மலேசியாவில் விசாக தினமும் அன்றுதான். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த முழுச் சந்திர கிரகணத்தில் நிலா முழுதாகச் சிவந்திருந்த 82 நிமிடம் தமிழ்நாட்டில் 7ஆம் தேதி இரவு 11 மணிக்குத் தொடங்கியது, ஈப்போவில் 8ஆம் தேதி பின்னிரவு ஒன்றரைக்கு.

கீழ்ப் பேராக்கில் நிலா தண்ணீரிலும் தெரியும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால், அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் ஓதம் மிக உயரும். பேராக் ஆற்றின் வழியே அந்த ஏற்றம் உள்ளே வரும். 1906இல் ரப்பர் தோட்டமாகத் தொடங்கிய ஜெண்டராட்டா போன்றவை இங்குள்ள தாழ்ந்த வண்டல் நிலத்தில் எழுந்தவை. இத்தகைய நிலத்தில் மண்கரையும் மதகும் இல்லாமல் பயிர் நிற்காது. ஆற்றுப் பக்கம் திறக்கும்படி தொங்கவிட்ட மதகுக் கதவை, ஏறிவரும் தண்ணீரே தள்ளி மூடிவிடும். தண்ணீர் வற்றும்போது உள்ளே தேங்கிய மழைநீர் கதவைத் திறந்துகொண்டு வெளியேறும். பௌர்ணமியை ஒட்டிப் பெருமழையும் பெய்தால் கதவு மூடியே கிடக்கும் நேரம் நீண்டு, வாய்க்கால் நிரம்பி நீர் நிரைகளுக்குள் ஏறும்.