முதற்றிங்கட் கருவும் தாய்க்காப்பும்

திருவாசகத்துட் போற்றித் திருவகவலை ஓதுவார் யாவரும், உயிர் தாயின் வயிற்றிற் படும் இடர்களை மணிவாசகப் பெருமான் திங்கள்தோறும் எண்ணிச் செல்லும் முறையை அறிவர். ஆண்டு அடிகள் கருவின் உறுப்புக்கள் வளருமாற்றை விரித்தாரல்லர். முதற்றிங்கள் தொடங்கிப் பத்தாந் திங்கள்காறும் ஒவ்வொன்றையும் உயிர் தப்பிப் பிழைத்த ஓர் இடராகவே கூறினார். பத்தாந் திங்களில் தாயும் உடன் துயருறுதலைக் குறித்தார். இம்முறையை உளங்கொண்டு, சூலுற்ற மகளிரை மருத்துவர் பேற்றிற்கு முன்னரே பார்த்தறியும் வழக்கம் மேனாட்டில் வளர்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். அகவல் முதற்றிங்களில் தொடங்கிப் பத்தாவதை நோக்கிச் செல்ல, மருத்துவமோ பத்தாவதில் தொடங்கி முதலாவதை நோக்கிப் பின்சென்றது என்பதே அது.

பண்டு மருத்துவரும் மருத்துவச்சியரும் பெரும்பாலும் நோவு கண்ட பின்னரே அழைக்கப்பட்டனர். எடின்பரோ நகரத்து ஜான் வில்லியம் பாலண்டைன் (1861–1923) என்னும் மருத்துவர் குறையுறுப்போடு பிறந்த மகவுகளை ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சியே அவரைச் சேயினின்றும் தாயிடத்துச் செலுத்திற்று. சூல்மகளிரைப் பேற்றிற்கு முன்னரே வைத்துப் பேணும் மனை வேண்டுமென 1901இல் அவர் எழுதினார். அவ்வாண்டிலேயே அந்நகர மகப்பேற்று மருத்துவமனையில் அதன்பொருட்டுக் கட்டில் ஒன்று கிடைத்தது. அவ்வொரு கட்டிலே பின்னைய பெருவழக்கிற்கு வித்தாயிற்று. 1915இல், வந்து பார்த்து மீளும் சூல்மகளிர்க்கென அங்கே தனிப்பகுதி ஏற்பட்டது. 1929இல் ஆங்கில அரசின் சுகாதார அமைச்சு, 16ஆம் வாரத்தில் முதன்முறையும், பின் 24, 28ஆம் வாரங்களிலும், அதன்மேல் 36ஆம் வாரம்வரை இருவாரத்திற்கு ஒருமுறையும், பின்னர் வாரந்தோறும் பார்க்கவேண்டுமென வகுத்தது.

இது நன்றேயாயினும், முதன்மூன்று திங்களும் இவ்வொழுங்கின் புறத்தே நின்றன. அத்திங்களிலன்றோ உடம்பின் அடிப்படை அமைவது! கருவுற்ற 22ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்குகின்றது. மூளையும் முதுகுத்தண்டின் நரம்பும் ஆகற்குரிய குழல் 28ஆம் நாளளவில் மூடுகின்றது. எட்டு வாரம் நிரம்புமுன் முதன்மையான உறுப்புக்களெல்லாம் தோற்றங் கொள்கின்றன. அப்பொழுது கருவின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டரே. தான் சூலுற்றதனைத் தாய் தெளியுமுன்னரே இவற்றுட் சில முடிந்துவிடுதலுமுண்டு.

இவ்வுண்மையின் அருமை சிறிது சிறிதாகவே விளங்கிற்று. 1941இல் ஆஸ்திரேலியக் கண்மருத்துவர் நார்மன் கிரெக் என்பார், சூலின் தொடக்கத்தில் ருபெல்லா என்னும் அம்மைநோய் கண்ட தாயர்க்குக் கண்புரையோடு மகவுகள் பிறத்தலைக் கண்டு வெளியிட்டார். 1958இல் கிளாஸ்கோ நகரத்து ஐயன் டொனால்ட் என்பாரும் துணைவரும், உலோகத்தின் உட்பழுதை ஒலியலையால் அறியும் கருவியினின்றும் பெற்ற கருத்தைக்கொண்டு, வயிற்றினுள்ளிருப்பதை அறியும் முறையை வெளியிட்டனர். ஊறுபடுத்தாமற் கருவைக் காணும் வாயில் அதனால் திறந்தது. 1991இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, நரம்புக்குழற் குறையுள்ள மகவை முன் ஈன்ற தாயர் கருவுறுதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீளவும் நேர்தல் நூற்றுக்கு 72 பங்கு குறையுமெனக் காட்டிற்று. 2016இல் உலக சுகாதார நிறுவனம், எட்டுமுறை பார்த்தல் வேண்டும், முதன்முறை 12 வாரத்துள் நிகழ்தல் வேண்டும் என்று நெறி வகுத்தது. இங்ஙனம் மருத்துவம் முதற்றிங்களை வந்தடைதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேலாயிற்று.

அற்றேல், இவையெல்லாம் அகவலுள் முன்னரே கூறப்பட்டன எனலாமோ எனின், அற்றன்று. அடிகள் அருளியது மருத்துவ நூலன்று. பிறவியின் அருமையும் துன்பமும் உணர்த்தி உயிரை இறைவன் திருவடிக்கண் உய்த்தற்கெழுந்தது. கருவிகொண்டு கண்டதனை அதன்மேலேற்றிப் பெருமை பேசுதல் நூலுக்கும் பெருமையன்று, மருத்துவர் உழைப்பிற்கும் நன்றியன்று. ஆயினும், ஒவ்வொரு திங்களும் இடருடையதென்று நாடோறும் ஓதுகின்ற நாம், முதற்றிங்களை எளிதாக எண்ணுதற்கு உரிமையில்லேம்.

சில இல்லங்களிற் கருவுற்ற செய்தியை மூன்று திங்கள் நிரம்புமளவும் வெளியிடாது மறைத்தல் வழக்கம். கண்ணேறஞ்சி அயலார்க்கு மறைப்பின் மறைக்க. மருத்துவர்க்கு மறைத்தல் தகாது. முதற் பார்வையிலேயே கருவின் நாட்கணக்குத் தெளிவாகும். குருதியழுத்தம், குருதியின் வளம், குருதிவகை, சர்க்கரை, சிறுநீர், தொற்றுநோய் ஆகியன அறியப்படும். தீர்க்கத்தகுவது காலத்தில் தீர்க்கப்படும். வளைகாப்பிற்குப் பின் பார்த்துக்கொள்வோம் என்பார், தீர்த்தற்குரிய காலத்தையே இழத்தலுங்கூடும்.

பத்தாந் திங்களில் தாயின் துயரையும் சேயின் துயரையும் ஒருங்கு வைத்தார் அடிகள். சேயை ஆராயப் புகுந்த பாலண்டைனும் தாயைப் பேணுதலிலேயே வந்து நின்றார். இருவர் இடரும் ஒன்றாதலின், இருவர் காப்பும் ஒன்றேயாம். அக்காப்பு முதற்றிங்களிலேயே தொடங்குவதாக. இத்துணை இடர்கடந்து வந்த உடம்பென்று உணர்வார்க்கன்றோ அதனைத் தந்தான் திருவருளும் உணரவரும்!

திருச்சிற்றம்பலம்.