ஒரு கொதியின் வரலாறு

வீட்டில் காய்த்த பச்சை பீன்ஸை உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு இன்று உலகெங்கும் சொல்லப்படும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். காம்பு கிள்ளி, நறுக்கி, கொதிக்கும் நீரில் 3 நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். உடனே பனிக்கட்டி மிதக்கும் நீரில் அமிழ்த்தி, ஈரம் வடித்து, காற்றுப் புகாத பையிலிட்டு, சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். எடப்பாடிப் பக்கத்து மூதாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னால், பாதியிலேயே மறித்து, "இது வத்தலுக்குப் பண்றதுதானே கண்ணு" என்பார். அவர் சொல்வது சரி. நாம் இங்கே பேச முனைவது அந்தப் பாதியின் வரலாற்றை.

முதலில் காயைப் பற்றி. பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசுக்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போய், ஐரோப்பியரோடு இங்கு வந்தது. வந்த பின்னும் உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களையே அது பெரிதும் நாடியது. சேலம், நாமக்கல் சமவெளியின் வெயிலில் பூ உதிர்ந்துவிடும். சமவெளிக்கு உரியது அவரை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் தம் நிலத்துக்கு உணவென்று எண்ணிச் சொல்வன நான்கே: வரகு, தினை, கொள், அவரை. குறுந்தொகையின் 82ஆம் பாட்டு அவரை பூப்பதைக் கொண்டே முன்பனியைச் சுட்டுகிறது. உரைகாரர்கள் இதைக் கருப்பொருள் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஆனால் அது துல்லியமான தாவரவியல் செய்தியும்கூட. நாட்டு அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூக்கத் தோன்றும். ஆடியில் விதைத்தாலும் அது ஐப்பசி, கார்த்திகை வரை கொடியும் இலையுமாகவே படர்ந்து கிடக்கும். பனி இறங்கிய பிறகே பூ. மார்கழியிலும் தையிலும் காய்த்துக் கொட்டும். மாசிக்கு மேல் கொடி ஓய்ந்துவிடும்.

ஆக, ஒரு கொடி வைத்திருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம் தின்று தீராத காய், பத்து மாதம் வெறுமை. சேமிப்பு என்னும் கலை பிறப்பது இத்தகைய ஏற்றத்தாழ்வில்தான்.

எடப்பாடி வட்டாரத்து வீடுகள் இதற்கு இரு வழி கண்டிருந்தன. முற்றிய காயின் கொட்டையைச் செம்மண் குழம்பில் பிசறிக் காயவைத்து, மண்ணோடு அடுக்குப்பானையில் போட்டு வைப்பது ஒன்று. மண் பூச்சு வண்டை அண்டவிடாது. பச்சைக் காயை வற்றலாக்குவது மற்றொன்று. நறுக்கிய அவரையையோ கொத்தவரையையோ உப்பு நீரில் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, நீரை வடித்துப் பாயில் பரப்புவார்கள். மாசி, பங்குனி வெயிலில் நாலைந்து நாளில் அது சலசலவென்று ஆகிவிடும். வெயிலை நம்பித் தொழில் செய்வது சேலத்துக்குப் புதிதும் அன்று. ஜவ்வரிசி ஆலைகளின் பரந்த களங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சர்க்கரையின் காக்கும் ஆற்றலையும் இவ்வூரார் அறிவர். தைப்பூசம் கழிந்தபின் பழனிக்குக் காவடியோடு போகும் எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் மலைமீதே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து ஊருக்குக் கொண்டுவருவது நெடுநாள் வழக்கம்.

நிற்க. காயப்போடப் போகும் காயை ஏன் முதலில் நனைத்து வேகவைக்க வேண்டும்? யோசித்தால் முரணாகத்தான் படுகிறது. பறித்த காயில் உயிர் உடனே அடங்குவதில்லை. அதனுள் இருக்கும் நொதிகள் தொடர்ந்து வேலை செய்து நிறத்தை மங்கவைக்கும், கொழுப்பைச் சிதைக்கும், வாசத்தைக் கெடுக்கும். கொதிநீரின் சூடு அந்த நொதிகளை முடக்கிவிடுகிறது. தோலும் தளர்வதால் உள்ளிருக்கும் நீர் விரைவில் வெளியேறுகிறது. நொதி என்ற சொல் நம் பாட்டிமாருக்குத் தெரியாது. கொதி காட்டாமல் காயவைத்தால் வைக்கோல் வாசம் வரும் என்பது தெரியும்.

இந்த வைக்கோல் வாசம் கடல் கடந்த கதையிலும் வருகிறது. பிரான்சின் நிக்கோலா அப்பேர், பட்டாணியையும் பீன்ஸையும் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறைக்காக 1810இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். குளிரால் காப்பது பின்னால் வந்தது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி 1833இல் கல்கத்தாவுக்கும், பின்னர் சென்னைக்கும் கப்பலேறி வந்தது. சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் 1842இல் அதற்காகவே எழுந்தது. ஆனால் அது துரைமாரின் குவளைக்கான குளிர், காயைக் காத்ததில்லை. லாப்ரடாரில் 1912 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ் ஐ, கடுங்காற்றில் நொடியில் உறைந்த மீன் மாதங்கள் கழித்தும் புதிதாக இருப்பதை அங்குள்ள இன்யூட் மக்களிடம் கண்டு, விரைவாக உறையவைக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த பட்டாணியும் கீரையும் விற்பனைக்கு வந்தன.

அதற்கு முன் காய்களை உறையவைக்க முயன்றவர்கள் பலர். மீனுக்குக் கைகொடுத்த குளிர் காய்க்குக் கைகொடுக்கவில்லை. சில வாரங்களில் காய் நிறம் மாறி, வைக்கோல் வாசம் வீசியது. குளிர் நொதியின் வேகத்தைக் குறைக்குமே தவிர, அதை அடக்காது. உறையவைக்கும் முன் சூடு காட்ட வேண்டும் என்பதைக் கலிபோர்னியா ஆய்வாளர்கள் நிறுவியது 1920களின் இறுதியில். ஆய்வகம் கட்டுரை எழுதியது, இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. வற்றல் பாய்க்கு அப்படி எதுவும் இல்லை. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்ற நூல்கள் நமக்குப் பெரும் பேறு. ஆனால் அதுவும் ஒரு சாராரின் அடுக்களைதான். கொங்கு நாட்டுக் காட்டுவேலைக் குடும்பங்களின் செய்முறை ஏட்டில் ஏறாமல் கைவழியே வந்தது.

மேட்டூர் அணை 1934இலும் அதன் மின்சாரம் சில ஆண்டுகளிலும் வந்துவிட்டன. எடப்பாடியில் அந்த மின்சாரத்தைத் தறிகள் எடுத்துக்கொண்டன. அடுக்களைக்குக் குளிர்பதனப் பெட்டி வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. வந்தபின்னும் அதை நம்ப முடிந்ததா? 2008 முதல் மின்வெட்டு வாட்டியது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. உருகி மறுபடி உறைந்த காய் குழகுழத்துப் போகும்.

இதனால் வற்றலே உயர்ந்தது என்று வாதிட நாம் வரவில்லை. பச்சை நிறமும் உயிர்ச்சத்து சி-யும் உறைபெட்டியில்தான் மிகுதியாகத் தங்கும்; வெயில் இரண்டையும் தின்றுவிடும். வற்றல் என்பது காத்துவைத்த அவரையன்று, வேறொரு பண்டம். புளிக்குழம்பில் அதன் ருசியே தனி.

அந்தப் பண்டம் அருகியதற்குப் பழியைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் போடுவது வழக்கம். நமக்கு அதில் உடன்பாடில்லை. பகலின் நீளம் பாராமல் எப்பருவத்திலும் காய்க்கும் செடியவரை ரகங்கள் பரவியபோதே சேமிக்க வேண்டிய தேவை போய்விட்டது. ஓட்டுக்கூரை போய் மச்சு வந்ததும் கொடி ஏறவும் இடமில்லை. சித்திரையிலும் சந்தையில் அவரைக்காய் கிடைக்கும்போது மாசியில் யார் பாய் விரிப்பார்கள்? பனிக்குக் காத்திருந்து பூத்த கொடியோடு அதன் விதையும் பல வீடுகளில் அற்றுப்போனது.

இதற்கிடையே, அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் இந்தியக் கடைகளில் உறைந்த அவரை வாங்குகிறார்கள். பையின்மேல் சூர்த்தி பாப்டி என்று குஜராத்திப் பெயர் இருக்கும். அவரையின் குஜராத்தி உறவுதான் அது. உறைபெட்டிக்குள் போவதற்கு முன் அதற்கும் ஒரு கொதி காட்டியிருப்பார்கள்.