நாரை அலகுப் பூவின் நெடும் பயணம்

மே மாதத்தில் கொடைக்கானலிலிருந்து இறங்கி வரும் பேருந்தைப் பாருங்கள். பயணிகளில் நாலைந்து பேர் மடியிலாவது ஒரு சிறு பூந்தொட்டி இருக்கும். வட்டமான இலை, அதன் நடுவே குதிரை லாடம் போல ஒரு கருஞ்சிவப்பு வளையம், நீண்ட காம்பின் நுனியில் குடை விரித்தாற்போல ஒரு கொத்துச் செந்நிறப் பூக்கள். இலையைக் கசக்கினால் காரமான ஒரு மணம் எழும். இதுதான் ஜெரேனியம்.

இராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வந்து சேரும்போது செடி நன்றாகவே இருக்கும். வீட்டு வாசலில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவோம். பத்து நாளில் அடி இலைகள் மஞ்சளாகும். 'தண்ணீர் போதவில்லை போலும்' என்று இன்னும் ஊற்றுவோம். ஆனி முடிவதற்குள் தண்டின் அடி கறுத்துச் செடி சாய்ந்துவிடும்.

இவ்வாறு மூன்று தொட்டிகளை இழந்தவன் நான். ஆண்டாளின் நந்தவனத்தால் பெயர் பெற்ற வட்டாரத்தில் இருந்துகொண்டு, ஒரு பூச்செடியைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. நான்காவது தொட்டியை வாங்குமுன் இச்செடியின் வரலாற்றைப் படித்தேன். வெயிலைக் காட்டிலும் நான் ஊற்றிய தண்ணீரே செடியைக் கொன்றது என்பது அப்போதுதான் விளங்கிற்று. அந்த வரலாற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரில் ஒரு குழப்பம்

'ஜெரானோஸ்' என்றால் கிரேக்க மொழியில் கொக்கு. இச்செடியின் காய் கொக்கின் அலகைப் போல நீண்டு கூராக இருப்பதால் ஜெரேனியம் என்ற பெயர் ஏற்பட்டது. ஆனால் நாம் தொட்டியில் வளர்ப்பது உண்மையான ஜெரேனியம் அன்று! அதன் சரியான பெயர் பெலார்கோனியம். 'பெலார்கோஸ்' என்றால் நாரை.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜெரேனியப் பூவில் ஐந்து இதழ்களும் ஒரே மாதிரி இருக்கும். பெலார்கோனியத்தில் மேலிரண்டு இதழ்கள் கீழ் மூன்றிலிருந்து வேறுபடும். பூவின் பின்னே தேனைத் தாங்கும் நுண்குழல் ஒன்று காம்போடு ஒட்டியிருக்கும். இவ்வேறுபாட்டைக் கண்டு, ஹாலந்து நாட்டுத் தாவர அறிஞர் ஜோஹன்னஸ் பர்மன் 1738இலேயே பெலார்கோனியம் என்ற பெயரை முன்மொழிந்தார். ஆயினும் 1753இல் லின்னேயஸ் இரண்டையும் ஜெரேனியம் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1789இல் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே அவற்றை மீண்டும் பிரித்தார். அதற்குள் தோட்டக்காரர்கள் நாவில் பழைய பெயர் பதிந்துவிட்டது. இன்றுவரை அது மாறவில்லை.

உண்மையான ஜெரேனியம் ஒன்று நம் பழனி மலையிலும் நீலகிரியிலும் காட்டுச் செடியாகவே வளர்கிறது. ஜெரேனியம் நேபாலென்ஸ் என்பது அதன் பெயர். புல்லோடு புல்லாகப் படர்ந்து சிறு இளஞ்சிவப்புப் பூக்களைப் பூக்கும். கடையில் ஜெரேனியம் வாங்கிக்கொண்டு திரும்பும் நாம், வழியில் அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கக்கூடும்.

'இந்திய' என்ற பொய்ப் பட்டம்

பெலார்கோனியத்தில் சுமார் 280 இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவில் பிறந்தவை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே குடிநீருக்காக நங்கூரம் பாய்ச்சும். அப்போது மாலுமிகள் கரையில் கண்ட கிழங்குகளையும் விதைகளையும் எடுத்துச் சென்றனர்.

அவ்வாறு முதலில் ஐரோப்பாவை அடைந்தவற்றுள் ஒன்று, இரவில் மணம் வீசும் பெலார்கோனியம் டிரிஸ்டே. ஜான் டிரேட்ஸ்கண்ட் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் 1631இல் பாரிஸ் நகர விதை வணிகர் ரெனே மோரானிடம் இதை வாங்கினார். கப்பல் இந்தியத் திசையிலிருந்து வந்ததால் செடியும் இந்தியாவுடையது என்று எண்ணி, 'இரவில் மணக்கும் இந்திய ஜெரேனியம்' என்ற பொருள்பட இலத்தீனில் அதற்குப் பெயரிட்டனர். ஒரு செடி எந்த மண்ணில், எந்த வானிலையில் பிறந்தது என்பதை அறியாமல் சூட்டிய பெயர் அது.

வீட்டுத் தொட்டிகளில் காணும் வகைகளின் மூதாதைகள் பின்னர் வந்தன. கொடிபோலத் தொங்கும் பெல்டாட்டம் 1700இல் கேப் பகுதியிலிருந்து ஹாலந்துக்கு அனுப்பப்பட்டது. செந்நிறப் பூவுடைய இன்குவினன்ஸ், லண்டன் பிஷப் ஹென்றி காம்ப்டனின் தோட்டத்தில் இருந்தது. அவர் 1713இல் காலமானார். இந்த இன்குவினன்ஸும், இலையில் வளையமுள்ள சோனாலே என்ற இனமும் கலந்து பிறந்ததே நம் வாசல் ஜெரேனியம். 1772இல் கியூ தோட்டத்தின் சார்பில் கேப் சென்ற பிரான்சிஸ் மேசன் மேலும் சுமார் 50 இனங்களை அனுப்பி வைத்தார்.

இவை பிறந்த இடம் எப்படிப்பட்டது? பாறைச் சரிவுகளும் புதர்க்காட்டின் ஓரங்களும்தான். மழை பெய்தால் நீர் தங்காமல் வடிந்துவிடும். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி. ஆகவே இச்செடி நீரைத் தன் சதைப்பற்றான தண்டிலேயே சேமித்துக்கொள்ளக் கற்றது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வீடும் குளிர்காலமும்

ஐரோப்பாவில் இச்செடிக்கு ஒரே பகை உறைபனி. ஆகவே அங்குள்ள தோட்டக்கலை முழுவதும் குளிர்காலத்தைத் தாண்டுவதிலேயே கவனம் செலுத்தியது. கோடையில் செடியை வெளியே வை; குளிர் வந்தால் உள்ளே கொண்டு போ; இதுவே விதி. இங்கிலாந்தில் 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது, கண்ணாடி வீடுகள் பெருகின. பணக்காரர் வீட்டுப் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கான செந்நிற ஜெரேனியங்கள் பாத்தி பாத்தியாகப் பூத்தன. ஏழைத் தொழிலாளியின் சன்னலிலும் ஒரு தொட்டி இடம் பிடித்தது.

கண்ணாடி வீடு ஏன் சூடாக இருக்கிறது? வெப்பக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடாமல் தடுப்பதே முழுக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். 1909இல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஆர். டபிள்யூ. உட் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதை வெப்பக் கதிர்களைத் தடையின்றி விடும் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடாயின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபடுவதே முக்கியக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. நமக்கும் இதில் பாடம் உண்டு. ஐரோப்பியன் காற்றை அடைத்தான். நாம் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

நம் மலைகளுக்கு வந்த விதம்

வெள்ளையர்கள் நம் மலைகளில் கோடை வாசத்தலங்களை அமைத்தபோது, தம் ஊர்த் தோட்டங்களையும் உடன் கொண்டுவந்தனர். கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்கைவர் 1848இல் உதகைத் தாவரவியல் தோட்டத்தை உருவாக்க வந்தார். கொடைக்கானலில் பிரையன்ட் பூங்கா 1908இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் நினைவுக்காக அவர்கள் வளர்த்த பூ ஆப்பிரிக்காவில் பிறந்தது என்பது வேடிக்கைதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்காட்டுக்கு வேறொரு பெலார்கோனியம் வந்தது. பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஒருவர் கொண்டுவந்த அந்த வகையின் பூ அழகற்றது. இலையோ ரோஜா மணம் உடையது. இலையை நீராவியில் வாலை வடித்தால், 1,000 கிலோ இலைக்குச் சுமார் 1 கிலோ எண்ணெய் கிடைக்கும். ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்ற பொருள்கள் அதில் உண்டு. சோப்பிலும் அத்தரிலும் விலை உயர்ந்த ரோஜா எண்ணெய்க்குப் பதிலாக இது பயன்படுகிறது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்கும் இப்பயிர் பரவிற்று.

பின்னர் லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் இதை வட இந்தியச் சமவெளியில் பயிரிட முயன்றது. அங்கே தாய்ச்செடிகள் மழைக்காலத்தில் அழுகி மடிந்தன. பிளாஸ்டிக் கூரைக்கடியில் வைத்து மழையிலிருந்து காத்த பிறகே அவை பிழைத்தன. என் மூன்று தொட்டிகளுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

சமவெளியில் என்ன நேர்கிறது?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 150 மீட்டர். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செண்டிகிரேடு கூடும். ஆகவே மலையிலிருந்து நம் ஊருக்கு வரும் செடி ஒரே நாளில் 12, 13 டிகிரி வெப்ப வேறுபாட்டைச் சந்திக்கிறது.

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பமே செடியை அதிகம் வாட்டுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் செய்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரு மடங்காகும். வரவு அப்படியே இருக்கச் செலவு இரட்டித்தால் குடும்பம் என்னாகும்? பூ நின்றுவிடும், வேரும் சோரும். சோர்ந்த வேர் நீரை உறிஞ்சாது. தேங்கிய நீரில் பூசணம் புகுந்து தண்டின் அடியைக் கறுக்கச் செய்யும். இலை வாடுவதைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுவோம். நோயையே மருந்தென்று கொடுப்பதற்கு இது ஒப்பாகும்.

பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பிடியுங்கள்

மேல்நாட்டுப் புத்தகங்கள் கோடையை வளரும் காலம் என்றும், குளிர்காலத்தை ஓய்வுக் காலம் என்றும் கூறும். நமக்கு இது தலைகீழ். நவம்பர் முதல் பிப்ரவரி வரையே நம் ஜெரேனியத்தின் வசந்தம். மார்ச் முதல் செப்டம்பர் வரை உயிரோடு வைத்திருந்தாலே போதும்.

செடியை மே மாதத்தில் வாங்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் வாங்குங்கள். மண்தொட்டியே ஏற்றது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. தொட்டிச் சுவர் வழியே 100 கிராம் நீர் ஆவியானால் 58,000 கலோரி வெளியேறும். 5 கிலோ நீரை 11 டிகிரிக்கு மேல் குளிர்விக்க அது போதும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பிளாஸ்டிக் தொட்டிக்கு இந்த வசதி இல்லை.

செம்மண், ஆற்று மணல், மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். அடித் துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லு வையுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: நீர் உள்ள தொட்டி கனக்கும், காய்ந்த தொட்டி இலேசாகும். தராசே தேவையில்லை. மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் நீர் மெதுவாகவே ஆவியாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டி தாழ்வாரத்துக்குள் இருக்கட்டும்.

காலை வெயில் நான்கு மணி நேரம் படும் கிழக்குத் தாழ்வாரம் மிக நல்லது. பங்குனி பிறந்ததும் உச்சி வெயிலுக்கு மறைப்புக் கொடுங்கள். காற்று மட்டும் தாராளமாக வரட்டும். வாடிய பூங்கொத்துகளைக் காம்போடு கிள்ளிவிடுங்கள். இராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் தொட்டியை எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது; இலையைத் தின்றால் நாய்க்கு வயிறு கெடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மறு செடி தயாரிப்பது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கியதும் நான்கு அங்குல நுனித் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்குங்கள். உடனே நடாதீர்கள்! ஒரு நாள் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் உலர்ந்த பின் ஈர மணலில் ஊன்றுங்கள். மேலே எதையும் மூட வேண்டாம். மூன்று நான்கு வாரங்களில் வேர் விடும். தாய்ச்செடி கோடையில் போனாலும் ஒரு பிள்ளையாவது நிற்கும்.

காய் முற்றினால் விதையையும் கவனியுங்கள். அதன் வால் உலரும்போது திருகுபோல் சுருளும். ஈரம் பட்டால் நிமிரும். இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் மாறி மாறிச் சுருண்டு நிமிர்ந்து, விதை தானே தன்னை மண்ணுக்குள் திருகிக்கொள்ளும். உள்ளங்கையில் ஒரு விதையை வைத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். அது அசைவதைக் கண்ணால் காணலாம்.

என் நான்காவது தொட்டியிலிருந்து எடுத்த தண்டுகள் இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டன. சித்திரையில் அவை பூப்பதில்லை, இலையும் சிறுத்துவிடும். தை பிறந்தால் தாழ்வாரத்தில் செங்கொத்துகள் நிற்கின்றன. நீங்களும் ஒரு தொட்டி வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, பகல், இரவு வெப்பநிலைகளையும் பூத்த நாள்களையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நம் ஊருக்கான ஜெரேனியப் புத்தகத்தை அந்த நோட்டிலிருந்துதான் எழுத வேண்டும்.