அத்திப்பழமும் பனாட்டும்: சூத்தைப்பல்லின் காரணம் தேடிய வரலாறு

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலியவற்றை உள்ளடக்கிய தீவகத்திலும் அதனை அடுத்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், சூத்தைப்பல்லின் குழிக்குள் பூச்சி இருந்து அரிக்கின்றது என்ற நம்பிக்கை நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. பல்லுக்குத்து வந்தவருக்குக் கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு, எழும் புகையை வாயினுள் பிடிக்கச் செய்வது தமிழரின் நாட்டு வைத்தியத்தில் நன்கு அறியப்பட்ட முறையாகும். புகைக்குப் பின் உமிழ்நீருடன் வெண்மையாக ஏதேனும் விழுந்தால், அதுவே பூச்சி எனக் கொள்ளப்பட்டது.

இந்நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குடியிருக்க இடம் கேட்கும் புழுவைப் பற்றிப் பழைய பாபிலோனிய மந்திரமொன்று பேசுகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில், கிரேக்க மருத்துவ மரபைப் பின்பற்றி உரோமில் எழுதிய ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், குரோசாணி விதையைத் தணலில் தூவி அப்புகையை வாயில் ஏற்குமாறு விதித்தார். குரோசாணியும் கண்டங்கத்தரியும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது கருதத்தக்கது. இக்குடும்பத்து விதைகளின் முளைக்கரு பொதுவாக வளைந்து புழுவைப் போலவே இருப்பதால், சூட்டில் வெடித்து வெளிப்பட்ட கருவையே நோயாளியும் வைத்தியரும் புழுவாகக் கண்டிருத்தல் கூடும். எனவே இதனை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் நீதியன்று: கண்ணெதிரே விழுந்ததைச் சான்றாகக் கொண்டே அவர்கள் முடிவு செய்தனர்.

கிரேக்கரிடையே வேறொரு சிந்தனையும் இருந்தது. இரத்தம், கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்களின் நிலைகுலைவே நோய் என்ற கொள்கையோடு இணைத்துப் பேசப்படும் ஹிப்போகிரட்டீஸ் (ஏறத்தாழ கி.மு. 460–370) பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், இயல்பிலேயே வலுக்குன்றிய பற்கள் ஓரளவு கபத்தாலும் ஓரளவு உணவாலும் அரிபடுகின்றன எனக் கூறப்பட்டுள்ளது. வாதம், பித்தம், கபம் என மூன்று கொள்ளும் சித்த மருத்துவம் பயின்ற யாழ்ப்பாணத்துப் பரியாரியாருக்கு இவ்விளக்கம் அந்நியமாகத் தோன்றியிராது. அரிஸ்டோட்டிலின் பெயரில் வழங்கும், ஆயினும் அவர் மரபினர் தொகுத்ததாகக் கருதப்படும் வினாநூல் இன்னும் ஒருபடி முன்செல்கின்றது. மென்மையும் இனிப்பும் உடைய அத்திப்பழம் பல்லைக் கெடுப்பது ஏன் என அது வினவி, பழத்தின் நுண்துகள்கள் பல்லிடுக்கில் ஒட்டி அழுகுவதைக் காரணமாகக் காட்டுகின்றது. பண்டைய உலகம் பற்சூத்தை பற்றி எழுப்பிய வினாக்களுள் உண்மைக்கு மிக அருகில் வந்தது இதுவே எனலாம்.

அவ்வினாவைத் தீவகத்தில் எழுப்பியிருந்தால், அத்திப்பழத்தின் இடத்தில் பனாட்டு நின்றிருக்கும். பழுத்த பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் ஊற்றி, ஒன்று காய்ந்தபின் அதன்மேல் மற்றொன்றாகப் பரப்பி, வெயிலில் உலர்த்தி உரித்தெடுப்பதே பனாட்டு. அதைப் பாகிலிட்டு ஊறவைப்பது பாணிப்பனாட்டு. நெல் விளைவு குறைந்த வறண்ட நிலத்தில் இது ஒடியலோடு சேர்ந்து மக்களைக் காத்த உணவாதலால், அதன்மீது பழிசுமத்தல் தகாது. எனினும் அது பல்லில் ஒட்டும் இனிப்பு; பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் பருகும் வழக்கமும் அவ்வாறே இனிப்பை நெடுநேரம் வாயில் நிறுத்துகின்றது.

ஐரோப்பாவில் பியர் ஃபொஷார் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், நுண்ணோக்கியால் தேடியும் புழுவைக் காணவில்லை எனப் பதிவு செய்தார். யாழ்ப்பாணத்துக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கொண்டுவந்தவர், 1847இல் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் தமிழ் மாணவருக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறைகளில் நூல்களை வெளிவரச் செய்தார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலமே பல்லின் சுண்ணத்தைக் கரைக்கின்றது என்பதை, பெர்லினில் ஆய்வு நடத்திய அமெரிக்கர் வில்லோபி மில்லர் 1890இல் நூலாக நிறுவினார். கிறீன் 1884இலேயே காலமாகிவிட்டமையால், அவர் காலத்துத் தமிழ் மருத்துவ நூல்களுக்குள் இவ்விளக்கம் இடம்பெற வாய்ப்பே இருக்கவில்லை.