நெய்வேலியில் நீருக்குக் கொடுத்த விலை

1930-களில் தென்னாற்காடு ஜில்லாவின் நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தின் பாசனத்துக்கென்று குழாய்க் கிணறு இறக்கியபோது, ஆழத்திலிருந்து தானாகவே பொங்கி வந்த ஜலத்தோடு கறுத்த துகள்களும் கலந்து வெளிப்பட்டன என்பதைச் சொல்லாதவர் இல்லை. அத்துகள்களைச் சுமந்து வந்த ஜலத்தைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு. சர்க்கார் பின்னால் செய்த ஆராய்ச்சிக்கெல்லாம் முடிச்சாக இருந்தது அந்த ஜலமே.

வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் கரியையே நம்பிக் கிடந்த சென்னை ராஜ்யம், யுத்தகாலத்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு இப்பூமியைத் துளையிட்டுப் பார்ப்பதில் முனைந்தது வியப்பன்று. பழுப்பு நிலக்கரி உண்டென்பது விரைவில் உறுதியாயிற்று. அதை எடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி. கரிப்படுகைக்கு மேலே ஏறத்தாழ ஐம்பது மீட்டர் மண்ணும் மணற்பாறையும். அடியிலோ, மூடி வைத்த பானைக்குள் ஆவி முட்டுவதுபோல் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் ஊற்றுநீர். மேற்சுமையை அகற்றினால், தடுப்பாரற்ற அந்நீர் படுகையைப் பிளந்துகொண்டு எழுந்து சுரங்கத்தையே குளமாக்கிவிடும்.

இதற்கு விடை காணவே 1953-இல் பரிசோதனைச் சுரங்கம் ஒன்று தோண்டப்பட்டது. ஒரு கிணற்றில் நீரை இறைத்து, பக்கத்துக் கிணறுகளில் மட்டம் எத்தனை அடி இறங்கிற்றென்று அளந்து குறித்து, மறுபடி இறைக்கும் அலுப்பான காரியம் அது. வெட்டியெடுத்த கரியைக் காட்டிக் கணக்குத் தீர்க்க இயலாத செலவு. ஆயினும் பொதுப்பணம் இவ்வளவு யோக்கியமாகச் செலவானது அபூர்வம் என்பேன். தொடர்ந்து இறைத்தே ஊற்றின் அழுத்தத்தைத் தணிக்கலாமென்று தெளிந்தபின், பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, வருஷத்துக்கு 35 லட்சம் டன் வெட்டலாமென்று திட்டம் வகுத்துக் கொடுத்தது. 1956 நவம்பரில் சுரங்கத்தை நடத்த ஒரு கார்ப்பரேஷன் அமைந்தது. 1957 மே 20-இல் நேரு வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது.

வெட்டியெடுத்த கரியிலும் நீர் விடவில்லை. எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். உலர்த்திக் கட்டியாக்கிச் சுட்டதைத்தான் ‘லெக்கோ’ என்று நம் வீட்டுப் பெண்கள் அடுப்பிலிட்டார்கள். ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் என்று பம்புகள் இன்னமும் ஓய்வின்றி இறைத்துக்கொண்டிருக்க, ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு மோட்டார் வைத்தாயிற்று.